யாரிடம் சொன்னது

ஜேன் ஃபாதர்கில் எங்கள் ஆபீசுக்கு வந்தது ஒரு சந்தைநாள் காலையில், பதினோரு மணி இருக்கும். கையில் முட்டைக் கூடை, தலையில் கறுப்புத் தொப்பி. புருஷன் போய் ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் உங்கிட்ட மூணு நாள் பேசினாரே, அதையெல்லாம் எழுதி வெச்சிருக்கல்ல?"

"வெச்சிருக்கேன், மிஸஸ் ஃபாதர்கில்."

"அதுல ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வேணும். ரூத்து ஓடையில போன அன்னிக்கு அவளப் பாத்துக்க வேண்டியது நானா, அவரா? அதப் பத்தி உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

ரூத் அவர்களுக்கு ஒரே குழந்தை. மூன்று வயது. ஆடு குளிப்பாட்டுவதற்காக ஓடையை மறித்துக் கட்டிய குட்டையில், ஒரு ஜூன் மாதத்தில் விழுந்து போய்விட்டாள். அது நடந்து இருபத்தைந்து வருஷம். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் பேரைப் புருஷனும் எடுத்ததில்லை, பெண்டாட்டியும் எடுத்ததில்லை.

"பாத்துக்கன்னு அவர் எங்கிட்ட சொல்லிட்டு ஆட்டுப் பக்கம் போனாரா, இல்ல நான் அவர்கிட்ட சொல்லிட்டு உள்ள ரொட்டி பாக்கப் போனேனா? ரெண்டும் நடந்த மாதிரியே இருக்கு, கண்ணு. ஒரு நாளைக்கு இது நெசமாத் தோணும், மறுநாள் அது. அவர் இருந்த வரைக்கும் கேக்க தைரியம் வரல. இப்ப கேக்க ஆளே இல்ல. நீ எழுதின சீட்டுதான் இருக்கு."

அவள் புருஷன் ஐசக் சொல்லத்தான் செய்தார். என்னிடம்தான் சொன்னார், நானும் எழுதினேன். எழுதின கையாலேயே அந்தச் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன்.

எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன், சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

கெண்டல் ஊரில் சேணக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வட இங்கிலாந்துக் கிராமத்து ஆட்கள் பேசுகிற பேச்சுக்கு அகராதி போடுகிற வேலை. நான் ஆக்னஸ் கேப்ஸ்டிக், அப்போது முப்பத்தொரு வயது, சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய்ச் சொல் பொறுக்குகிறவள். எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு: சொல்லை நாம் வாயால் சொல்லவே கூடாது. அது அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். "நான் ஒரு விஷயத்த மறந்துட்டேன், நீங்க மறக்கல. அப்ப நீங்க என்ன பண்றீங்க?" என்று சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும். கேட்டால், "பல்லு புடுங்கற மாதிரி புடுங்கறியே" என்று சிரிப்பார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. எங்கள் பெரியவர் மிஸ்டர் பென்ட்லி பைப்பைக் கடித்துக்கொண்டே சொல்வார்: "கதை வேணாம், வாக்கியம் போதும்." சொல் வருகிற வாக்கியத்தை மட்டும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். கீழே ஊர், தேதி, சொன்னவர் பேர், யாரிடம் சொன்னது. ஒரு சீட்டுக்கு ஒரே வாக்கியம். முன்னால் என்ன சொன்னார், பின்னால் என்ன சொன்னார் என்பது நமக்கு எதற்கு?

அந்த வருஷம் எனக்கு விழுந்த சொல் 'மைண்ட்'. சின்னச் சொல்தானே என்று இளக்காரமாக எடுத்தேன். அடேயப்பா! மனசுக்கும் அதுதான், ஞாபகத்துக்கும் அதுதான். ஜாக்கிரதை என்பதற்கும் அதுதான். குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அதுதான். சொன்ன பேச்சைக் கேட்பது, எனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை என்பது, போனால் போகட்டும் விடு என்பது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டு இழுப்பார்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அதில் ஐசக் ஃபாதர்கில் மன்னன் என்று கேள்விப்பட்டு, அக்டோபரில் அவர் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் அரை நாள் மனுஷர் வாயைத் திறக்கவில்லை. புகைக்குழாயைப் பற்றவைத்தார், அணைத்தார். ஜேன் டீயும் ஓட்ஸ் ரொட்டியும் ரம் வெண்ணெயும் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே அறையில் ஐந்து நிமிஷம் சேர்ந்து இருந்து நான் பார்க்கவில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. ஒருத்தர் உள்ளே வந்தால் மற்றவருக்கு வெளியே ஏதோ வேலை வந்துவிடும்.

மத்தியானம் ஆடுகளைப் பார்க்கக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். வாசற்படி இறங்கும்போதே முதல் சீட்டு விழுந்தது. "படிய மைண்ட் பண்ணு பள்ளிக்கூடத்தம்மா, ரெண்டாவது ஆடும்." அதற்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். நான் எழுத எழுத அவருக்குக் குஷி.

"ஒரு சொல்லுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறான்?"

"ஆமா மிஸ்டர் ஃபாதர்கில்."

"எனக்கு நூறு சொல்லு தெரியும். என்னை ராஜாவா ஆக்கச் சொல்லு உன் பென்ட்லிய."

ஓடைப்பக்கத்துக் கம்பிக்கதவுக்கு வந்தோம். அவர் திறந்து பிடித்துக்கொண்டார். நான் தாண்டி வந்துவிட்டேன், நாயும் தாண்டிவிட்டது. அவர் கதவை மூடவில்லை. தொடை உயரத்தில் வலது கையை விரித்துத் தாழ்த்திப் பிடித்தார், "மைண்ட் கண்ணு, மைண்ட்" என்று மெல்லச் சொன்னார், இரண்டு மூச்சு விடுகிற நேரம் நின்றார், அப்புறம்தான் சாத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். புல்லும் கல்லும் ஓடைச் சத்தமும்தான். யாரும் இல்லை.

"யாருக்குச் சொன்னீங்க?"

"கதவு பழசு" என்றார். அது பதிலே இல்லை.

அந்த மூன்று நாளில் அந்தக் கதவை எத்தனை முறை தாண்டினோமோ, அத்தனை முறையும் அதே கை, அதே சொல், அதே இரண்டு மூச்சு. நான் பெரிய அகராதிக்காரி ஆயிற்றே! சீட்டை எடுத்து வாக்கியத்தை எழுதினேன். யாரிடம் சொன்னது என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதினேன். ஜாக்கிரதை என்ற பொருளா, பார்த்துக்கொள் என்ற பொருளா என்று எனக்குத் தீர்மானம் ஆகவில்லை. அதனால் அதை, பொருள் முடிவாகாத சீட்டுகளைப் போடுகிற சந்தேகத் தட்டுக்கு என்று குறித்து வைத்தேன்.

மூன்றாம் நாள், குட்டை இருந்த இடத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, நான் ஒன்றும் கேட்காமலே ரூத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் இருக்கும். என்னைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைப் பார்த்துத்தான் பேசினார். அந்தச் சொல் விழுந்துகொண்டே இருந்தது, விழாமல் என்ன செய்யும்? யார் குழந்தையை மைண்ட் பண்ணினார்கள், யார் யாரை மைண்ட் பண்ணச் சொன்னார்கள் என்பதுதானே அந்தக் கதையே. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. எட்டுச் சீட்டு, ஒரே மூச்சில் எட்டு! "அடடா" என்று ஒரு மரியாதைக்குச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருபத்தைந்து வருஷத்துக்கப்புறம் வாய் திறக்கிறார், நான் அவர் உயிரெழுத்தை இழுக்கிறாரா குறுக்குகிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் தட்டு பிரிக்கிற வேலை. வடக்கு முழுவதிலிருந்தும் வந்த சீட்டுகளைப் பொருள் பொருளாகப் பிரித்து, ஒரு பொருளுக்குப் பன்னிரண்டு வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுவோம். அபூர்வமான பொருள் என்றால் ஒரு சீட்டையும் விட மாட்டோம், பொத்திப் பொத்தி வைப்போம். எல்லாரும் சொல்கிற பொருளுக்கு என்ன பஞ்சம்? குழந்தையைப் பார்த்துக்கொள் என்ற பொருளில் மட்டும் இருநூறு சீட்டுக்கு மேல் வந்து குவிந்திருந்தது. ஊரில் எந்தத் தாய்தான் அதைச் சொல்லாமல் இருக்கிறாள்? ஐசக்கின் எட்டும் அந்தக் குவியலில் கிடந்தன. தெளிவான கையெழுத்தாகப் பன்னிரண்டு பொறுக்கிக்கொண்டு மற்றதை அள்ளி அடுப்பில் போட்டேன். நிலக்கரிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். அந்தச் சூட்டில் குளிர்கூடக் காய்ந்தேன்.

பிப்ரவரியில் ஐசக் மார்ச்சளியில் போய்விட்டார். அடுத்த மாதம் ஜேன் என் எதிரே நிற்கிறாள்.

"தேடிப் பாக்கணும், மிஸஸ் ஃபாதர்கில். எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டாச்சு. ஒரு மணிக்கு வாங்களேன்" என்றேன். பொய்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்பைக் காட்ட எனக்குத் தெம்பு இல்லை.

"முட்டைய வித்துட்டு வந்துடறேன்" என்று போனாள்.

ஒவ்வொரு தட்டாக இறக்கினேன். ஞாபகத் தட்டிலிருந்து நாலு, ஜாக்கிரதைத் தட்டிலிருந்து மூன்று, ஆட்சேபத்தில் ஒன்று, பேச்சைக் கேட்பதில் இரண்டு. அந்த மனுஷரைத் துண்டு துண்டாக வெட்டி எங்கெங்கோ போட்டு வைத்தது போல இருந்தது. பார்த்துக்கொள்கிற தட்டை மூன்று முறை புரட்டினேன். லங்காஷயர்க்காரி ஒருத்தி தன் பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது இருந்தது. ஐசக் இல்லை. சந்தேகத் தட்டு நினைவுக்கே வரவில்லை.

அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அவர் குழாய்ப் புகையின் வாசனை வந்தது. பாறை எவ்வளவு சில்லென்று இருந்தது என்பது வந்தது. நடுவில் ஒரு தடவை அவர் குரல் கம்மியதும், அந்த இடத்தில் உயிரெழுத்து குறுகியதும் அப்படியே காதில் கேட்டது. யார் பேரைச் சொன்னார் என்பது மட்டும் வரவில்லை. பேர் சொன்னார். அது நிச்சயம். "அவதான்" என்றாரா, "நான்தான்" என்றாரா? தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாலும் வரவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து முன்னால் வைத்தேன். எழுதவில்லை. எங்கள் தொழிலில் இல்லாததை எழுதுவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. திருடினால்கூட மன்னிப்பார்கள். மாடிப்படியில் அவள் பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்த முகம் மறுபடி உள்ளே வரப்போகிறது என்றதும் என் கை தானாக ஓடியது. "அன்னிக்குக் குழந்தைய மைண்ட் பண்ண வேண்டியவன் நான். ஜேன் இல்ல." கீழே ஊர், தேதி, பேர் எல்லாம். மை காய ஒற்றுத்தாள் வைக்கக்கூட நேரமில்லை, மற்ற பத்துச் சீட்டோடு சேர்த்து மேஜைமேல் பரப்பிவிட்டேன்.

இந்த முறை ஜேன் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டுப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் தடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அறையில் ஐசக்கின் குரல் கேட்டது.

"'நாப்பத்தேழுல விழுந்த பனிய மைண்ட் பண்றியா? ஆட்டுக் கொம்புதான் வெளிய தெரிஞ்சுது.' ஆமா, ஆமா. எழுவது ஆடு போச்சு." அடுத்தது. "'நாய் எம் பேச்ச மைண்ட் பண்ணும், மச்சினன் பண்ண மாட்டான்.' என் தம்பியத்தான் சொல்றார்! கல்யாணத்தன்னிக்கே அவனைக் கண்டா ஆகாது." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எங்கிட்ட மூணு வருஷத்துல இவ்வளவு பேசினதில்ல. உன்னைப் பாத்தா பொறாமையா இருக்கு எனக்கு."

பத்தாவதையும் வைத்துவிட்டு நான் எழுதினதை எடுத்தாள். இதை வாய்விட்டுப் படிக்கவில்லை. கட்டை விரலால் அந்த வரியை மெல்லத் தடவினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். நீலம்.

"மை இன்னும் காயலியே, கண்ணு."

சீட்டை வாங்கக் கை நீட்டினேன், அவள் தரவில்லை.

"அவர் தலையில போட்டுட்டியா? செத்தவர் வந்து இல்லன்னா சொல்லப்போறார்னு?"

"நீங்க கொஞ்சம் நிம்மதியா..."

"எனக்கு நிம்மதி வேணும்னா பாதிரியார்கிட்ட போயிருப்பேன். நெசம் வேணும்னுதானே உங்கிட்ட வந்தேன்." சத்தம் போடவில்லை அவள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நெச சீட்டு எங்க?"

சொன்னேன். எட்டுச் சீட்டு, இருநூறு சீட்டு, அடுப்பு, குளிர் காய்ந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பேர் சொன்னார், யார் பேர் என்று எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் சொல்றதுன்னு எரிச்சுட்டே" என்றாள் கடைசியில். "சரிதான். எல்லாரும் சொல்றதுதான்."

பொய்ச் சீட்டை என் பக்கம் தள்ளினாள். "இது உன்னோடது. நீயே வெச்சுக்கோ."

கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் எனக்குச் சந்தேகத் தட்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கீழ் வரிசையிலிருந்து இழுத்தேன். நாலைந்து சீட்டுதான் கிடந்தன. ஐசக்கினுடையது மேலேயே இருந்தது.

"இது ஒண்ணு இருக்கு. நீங்க கேட்டது இதுல இல்ல. ஆனா நெசம்."

நின்றபடியே வாங்கிப் படித்தாள். "'மைண்ட் கண்ணு, மைண்ட்.' ஓடைக் கம்பிக்கதவு. யாரிடம் சொன்னது..." நிறுத்தினாள். "யாருமில்லைன்னு போட்டிருக்க?"

"யாருமே இல்ல, மிஸஸ் ஃபாதர்கில். நானும் நாயும் தாண்டி வந்தாச்சு. அவர் கதவை மூடாம நின்னார். ஒவ்வொரு தடவையும்."

"கைய எப்படி வெச்சிருந்தார்?"

அது சீட்டில் இல்லை. கையைப் பற்றி எழுத எங்களுக்கு இடமே கிடையாது. ஆனால் அது எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த மூன்று நாளில் நான் எழுதாமல் விட்டதுதான் என்னிடம் முழுசாக இருந்தது. எழுந்து நின்று, தொடை உயரத்துக்கு வலது கையைத் தாழ்த்தி, விரலை விரித்துக் காட்டினேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றேன்.

ஜேன் கூடையைக் கீழே வைத்தாள். வந்து என் கையைப் பிடித்தாள். கொஞ்சம் கீழே இறக்கினாள், ஒரு விரல்கடை அளவுதான். சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் பிடித்த கையை விடாமலே அழ ஆரம்பித்தாள், அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை.

"இவ்வளவுதான் இருப்பா" என்றாள். "நானும் பண்றேன். முன்வாசல்ல. இருபத்தஞ்சு வருஷமா பண்றேன். அவர் இல்லாத நேரமாப் பாத்து. தெரிஞ்சா பைத்தியம்னு நெனப்பாரேன்னு. அவர் பாட்டுக்குக் கொல்லைப்பக்கம், நான் பாட்டுக்கு வாசப்பக்கம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சேந்து வெளிய போயிருந்தா..."

என் கையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆபீசிலிருந்து சீட்டு வெளியே போகக் கூடாது என்பது மூன்றாவது சட்டம். அந்தச் சீட்டை அவள் தொப்பி நாடாவுக்குள் செருகிக்கொண்டாள், நான் தடுக்கவில்லை. மிஸ்டர் பென்ட்லி கேட்டால் அதையும் கழித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அகராதி அச்சாகி வந்துவிட்டது, மூன்று பத்தி நீளத்துக்கு அந்தச் சொல் இருக்கிறது, அவர் சொன்ன பனியும் மச்சினனும் அதில் இருக்கிறார்கள். நீல மையில் எழுதின என் சீட்டு மட்டும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கிழித்துப் போடக் கை வரவில்லை.

அன்றைக்கு வழியனுப்பக் கூடவே போனேன். மாடிக்கதவை அவளே திறந்தாள். திறந்தவள் தாண்டவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் ஒளிக்காமல், என் கண்ணெதிரே, தொடை உயரத்துக்குக் கையைத் தாழ்த்திப் பிடித்தாள்.

"மைண்ட் கண்ணு" என்றாள். "படி செங்குத்தா இருக்கு."

நான் சுவரோடு ஒதுங்கி இரண்டு பேருக்கும் வழி விட்டேன்.